முதல் வரிசை, இடது ஓரம்

பெர்ரான் வீட்டுச் சமையலறைக் கதவு கடல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் பல வருஷமாக முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர் ஒரு மாகாண ஆளுநர். அதாவது, அவர் தன் கையால் கொடுத்த நினைவுக் கேடயம். பால்கனியில் பூந்தொட்டிகளைத் தாங்கிக்கொண்டிருந்தவர்கள் ஐந்தாறு நகராட்சித் தலைவர்கள். ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் ஒரு துணைவேந்தர். மீதிப் பேர் இரண்டு சாக்குகளில் கட்டிலுக்குக் கீழே கிடந்தார்கள்.

துருக்கியில், இஸ்மிர் நகரத்தின் அந்த மூன்றாம் மாடி வீட்டுக்குத் தேநீர் குடிக்க வருகிறவர்கள் இதைப் பார்த்துச் சங்கடத்தில் நெளிவார்கள்.

“இதெல்லாம் மரியாதைக்குக் குடுத்ததாச்சே, பெர்ரான் ஹானும்!” என்பார்கள். ஹானும் என்றால் அம்மையார்.

“அதனாலதான் வேலை போட்டுக் குடுத்திருக்கேன். குடுத்தவங்க செஞ்ச வேலையைவிட இதுங்க செய்யற வேலை ஜாஸ்தி.”

அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று இசை உலகத்தில் எல்லாரும் சொல்வார்கள். பொய்யில்லை. ஒரு கச்சேரியில் பியானோ வாசிக்கும்போது தாளம் தப்பியதற்காக, குச்சி ஆட்டிக் குழுவை நடத்துகிறவரைப் பார்த்து, “உங்க கையில இருக்கறது குச்சிதானே, கொசு விரட்டற விசிறி இல்லையே?” என்று வாத்தியக் குழு முழுவதும் கேட்கும்படி கேட்டவள் அவள். கட்டின புருஷனை எட்டே வருஷத்தில் வீட்டை விட்டு அனுப்பியவள். ஆனால் அவ்வளவு கோபமும் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். அது ஒரு நாற்காலி மேல் வந்த கோபம்.

நம் ஊர்களில் கச்சேரி என்றால் முதல் இரண்டு வரிசை பிரமுகர்களுக்கு. வெள்ளைத் தாளில் ‘பிரமுகர்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி நாற்காலி முதுகில் ஒட்டிவிடுவார்கள். பிரமுகர்கள் வரமாட்டார்கள். வந்தாலும் பாதியில் வருவார்கள். அவர்கள் வரும் வரைக்கும் ஆரம்பிக்கவும் கூடாது. ஆசைப்பட்டு முன்னாலேயே வந்த ஜனம் பின்சுவரில் சாய்ந்து கால் மாற்றி மாற்றி நிற்கும், மாணவர்கள் படிக்கட்டில் குந்தியிருப்பார்கள். முன்னால் இரண்டு வரிசை மெத்தை நாற்காலி வாயைப் பிளந்துகொண்டு காலியாகக் கிடக்கும். இதில் எவனுக்காவது வெட்கம் உண்டா? இல்லை. அதுதான் ஒழுங்கு என்பான். பெர்ரான் தன் ஆயுளில் பாதியை அந்தக் காலி மெத்தைகளுக்குத்தான் வாசித்துத் தீர்த்தாள்.

அவள் பிறந்தது வளைகுடாவை ஒட்டிய ஸெய்தின்கயாவில். மலை முழுக்க ஆலிவ் மரம், கீழே கடல். அப்பா தபாலாபீசில் தந்தி குமாஸ்தா. வானொலியில் தலைநகர் அங்காராவிலிருந்து பியானோ வந்தால் வீட்டில் யாரும் சாப்பிடக்கூட வாயைத் திறக்கக் கூடாது. ஊரில் இருந்தது ஒரே ஒரு பியானோ, ஆசிரியர் மன்றத்தில். அதன் மேல் பின்னல் துணி விரித்து, துணியின் மேல் தேநீர்க் கொதிகலனை வைத்திருந்தார்கள். அப்பா கெஞ்சிக் கூத்தாடி, மத்தியான நேரத்தில் கொதிகலனை இறக்கி வைக்கச் சம்மதம் வாங்கினார்.

அந்தப் பியானோவின் கட்டைகளை மூடும் பலகைக்குக் கீல் போயிருந்தது. திறந்து வைத்தால் நிற்காது, எந்த நிமிஷமும் விரல்களின் மேல் விழும். அதனால் ஆறு வயதுப் பெர்ரான் உட்கார்ந்து வாசிக்க, பதினோரு வயது அக்கா முவல்லா பக்கத்தில் நின்று இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். ஒரு மணி நேரம் வாசித்தால் ஒரு மணி நேரம் நிற்பாள். கை மரத்துப்போனால் தலையை முட்டுக் கொடுப்பாள்.

“சீக்கிரம் முடிடி. மூளை நசுங்குது.”

“இருந்தாத்தானே நசுங்கும்?”

பலகை ஒரு நாளும் விழவில்லை.

பதினோரு வயதில் பெர்ரானை அங்காராவுக்கு இசைப்பள்ளி விடுதிக்கு அனுப்பினார்கள். அதே கோடையில் முவல்லாவின் படிப்பு நின்றது. யாரும் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. வீட்டில் இரண்டு பெண்கள், ஒருத்தியின் கை விசேஷமான கை என்று ஆகிவிட்டால் மற்றவளின் கை தானாகவே வேலை செய்கிற கை ஆகிவிடுகிறது. இந்த அநியாயத்தை எல்லா வீட்டிலும் பாசம் என்றே சொல்கிறார்கள்.

முவல்லா ஆலிவ் களத்துக்குப் போனாள். இலையுதிர் காலத்தில் பச்சைக் காயைக் கல்லில் வைத்துத் தட்டி உப்பு நீரில் போடுகிற வேலை. அந்தக் காயின் பால் கையில் பட்டால் கறுப்பேறும், குளிர்காலம் முழுக்கப் போகாது. விடுமுறைக்கு வந்த பெர்ரான் பக்கத்தில் குந்தி ஒரு கல்லை எடுத்தால் போதும், முவல்லா சீறுவாள்.

“கையை எடு! கறையோட போய் நின்னா அங்காராவுல என்ன நினைப்பாங்க?”

“வெள்ளைக் கட்டையெல்லாம் கறுப்பாயிடும். அவ்வளவுதான்.”

“வாய் மட்டும் நல்லா வாசிக்குது. போ, போய்ச் சாப்பிடு.”

அங்காராவுக்குப் பிறகு பாரிஸ், அரசாங்கச் செலவில். இத்தாலியில் ஒரு போட்டியில் மூன்றாம் பரிசு. அங்கேயே இருந்துவிடு என்றார்கள். இவள் திரும்பி வந்தாள். அரசுப் பியானோக் கலைஞர் என்று உத்தியோகம் கொடுத்து, முதல் சுற்றுப்பயணத்திலேயே ஸெய்தின்கயாவையும் சேர்த்தார்கள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. முவல்லா கல்யாணமாகி, பல வருஷம் தர்கா தர்காவாக அலையாத குறையாக ஏங்கி, அப்போது நிறைமாதக் கர்ப்பமாக இருந்தாள். அப்பா படுத்த படுக்கையாக இருந்ததால் அம்மா அவரை விட்டு நகர முடியாது. வீட்டிலிருந்து கச்சேரிக்கு வரக்கூடியவள் முவல்லா ஒருத்திதான். அதுவரை தங்கை ஒரு மேடையில் வாசித்து அவள் கேட்டதே இல்லை.

“முதல் வரிசை, இடது ஓரம்,” என்று பெர்ரான் சொல்லியிருந்தாள். “அங்க உட்கார்ந்தாத்தான் என் கை தெரியும். வேற எங்க உட்கார்ந்தாலும் பெட்டிதான் தெரியும். நானே சொல்லி வச்சுட்டேன், அது உன் நாற்காலி.”

“நான் உட்கார்ந்தா நாற்காலி தாங்குமா பாரு,” என்று முவல்லா வயிற்றைக் காட்டிச் சிரித்தாள்.

அன்று மாலை ஊர்த் திரையரங்கு நிரம்பி வழிந்தது. பெர்ரான் மேடைக்கு வந்து தலை வணங்கினாள். வணங்கும்போதே கண் இடது ஓரத்துக்குப் போனது. நாற்காலி காலி. சரி, வருவாள். முதல் உருப்படி முடிந்தது. காலி. இடைவேளைக்குப் பிறகும் காலி. கடைசி வரைக்கும் அந்த ஒரு நாற்காலி மட்டும் பல் விழுந்த இடம் மாதிரி முன்னால் இருந்தது. முடிவில் ஆளுநர் மேடையேறிக் கேடயம் கொடுத்து, தன் மனைவிக்குத் தலைவலி என்று வரவில்லை, மிகவும் வருத்தப்பட்டாள் என்று சொன்னார். யார் மனைவி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன! பெர்ரானின் காதில் எதுவும் ஏறவில்லை. ஆளுநர் கொடுத்த கட்டாய விருந்தை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், அம்மாவிடம் வெடித்தாள்.

“உங்க பெரிய பொண்ணுக்கு என் முன்னாடி ஒரு மணி நேரம் உட்கார முடியல. பொறாமை. வேற என்ன?”

விடிந்ததும் அடுத்த ஊருக்குப் பஸ் ஏறினாள். அக்கா வீடு நாலு தெரு தள்ளித்தான். போகவில்லை.

அம்மா என்ன செய்தாள்? இரண்டு பக்கமும் தீயை அணைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். பெர்ரான் சொன்னதில் பாதியை விழுங்கி, “தங்கச்சிக்குக் கொஞ்சம் வருத்தம்” என்று அங்கே சொன்னாள். முவல்லா கொதித்துச் சொன்னதில் பாதியை விழுங்கி, “அக்காவுக்கு உடம்பு சரியில்லை” என்று இங்கே எழுதினாள். எது நடந்ததோ அது அம்மாவின் வயிற்றுக்குள்ளேயே தங்கிப்போனது. நல்லவர்கள் செய்கிற கெடுதல் இருக்கிறதே, அதைக் கெட்டவர்களால் கூடச் செய்ய முடியாது.

இப்படித்தான் அக்காவும் தங்கையும் பேச்சை விட்டார்கள். பண்டிகைக்குப் பண்டிகை, கோபித்துக்கொண்டவர்கள் சமாதானமாக வேண்டும் என்பது இங்கே கட்டாயம் மாதிரி. இருவரும் அம்மா கையை முத்தமிட வருவார்கள். ஒருத்தி காலையில், ஒருத்தி மாலையில். அம்மா செத்தபோது ஹல்வா கிளற வேண்டியிருந்தது. வீட்டுப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்ச நேரம் கரண்டியைப் பிடித்து, செத்தவரை நினைத்துக்கொண்டு கிளற வேண்டும். பெர்ரான் கிளறினாள். பிறகு கரண்டியை நீட்டினாள். முவல்லா வாங்கிக்கொண்டாள். மாவு சிவந்து வாசனை வருகிறவரை மாறி மாறிக் கிளறினார்கள், ஒரு வார்த்தை இல்லை. கூடியிருந்த பெண்கள் எல்லாம் மூக்கைச் சிந்தினார்கள், ஹல்வாவுக்காக அல்ல.

வாசிப்பு மட்டும் வளர்ந்துகொண்டே போனது. கோபத்தில் வாசிக்கிறவர்கள் வேகமாக வாசிப்பார்கள் என்று நினைப்பது தப்பு. பெர்ரான் மெதுவான பகுதிகளைத்தான் பயங்கரமாக வாசிப்பாள். ஒரு சுரத்தை அடித்துவிட்டு, அது சாகிற வரைக்கும் விடாமல் பிடித்து வைத்திருப்பாள், யாரோ பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பது போல. பெல்கிரேடில், ப்ராகில், லண்டனில் எழுந்து நின்று கைதட்டினார்கள். உள்ளூரில்? கிழக்கே ஒரு ஊரில் பியானோவுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. இன்னொரு ஊரில், வருகிற விருந்தாளிக்கு மரியாதை என்று கட்டைகளுக்கெல்லாம் எலுமிச்சைக் கொலோன் என்ற வாசனைநீர் தெளித்துத் துடைத்து வைத்திருந்தார்கள். விரல் வழுக்கி வழுக்கிப் போனது.

ஒரு தடவை முன்வரிசையில் ஒரு அமைச்சரின் கைப்பேசி அடித்தது. அவர் எடுத்துப் பேசவும் செய்தார். பெர்ரான் நிறுத்திவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் பேசி முடிக்கும் வரை காத்திருந்தாள்.

“வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?”

அரங்கமே சிரித்தது. அடுத்த இரண்டு வருஷம் அவளுக்கு அரசு நிகழ்ச்சி எதுவும் இல்லை.

எந்த அரங்குக்குப் போனாலும் வணங்கும்போது கண் இடது ஓரத்துக்குப் போகும். அது அவள் கையில் இல்லை. அங்கே பெரும்பாலும் காலி நாற்காலிதான் இருக்கும், தாள் ஒட்டினது. உட்கார்ந்து வாசிப்பாள்.

பெர்ரான் ஓய்வு பெற்று இரண்டு மூன்று வருஷம் கழித்து, முவல்லாவின் மகள் திஜென் தொலைபேசியில் கூப்பிட்டாள். அன்றைக்கு வயிற்றில் இருந்தவள்தான். ஸெய்தின்கயாவில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். அம்மாவுக்குத் தெரியாமல் சித்தியோடு பேசுவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

“சித்தி, அம்மாவுக்கு இடது காது சுத்தமாப் போயிடுச்சு. வலது காதும் இந்த வருஷத்தைத் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இங்க புதுசா கலை அரங்கம் கட்டி, புது பியானோ வாங்கியிருக்காங்க. திறப்பு விழாவுக்கு உங்களைக் கேப்பாங்க. முடியாதுன்னு சொல்லிடாதீங்க.”

“உங்கம்மா வருவாளா?”

“மாட்டேங்கறாங்க.”

“அப்ப எதுக்குடி என்னைக் கூப்பிடற? மறுபடியும் காலி நாற்காலிக்கு வாசிக்கவா? அன்னிக்கே எழுந்து போனவதானே உங்கம்மா!”

“எழுந்து போகல சித்தி. எழுப்பி விட்டாங்க.”

பெர்ரான் தொலைபேசியை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள்.

“என்னடி சொல்ற?”

“உங்களுக்குத் தெரியாதா? நிஜமாவே தெரியாதா? அம்மா முதல் ஆளா வந்து உட்கார்ந்திருக்காங்க. விழாக் காரியம் பாக்கற ஆள் ஒருத்தர் வந்து, இது ஆளுநர் சம்சாரத்துக்கு, எழுந்திருன்னிருக்கார். நான் கலைஞரோட அக்கான்னு அம்மா சொல்லியிருக்காங்க. அந்த ஆள் அம்மா கையைப் பாத்திருக்கார். ஆலிவ் சீசன் சித்தி, கை கரியா இருந்திருக்கு. ‘கலைஞர் ஹானுமே சொல்லித்தான் எழுப்பறேன்’னாராம். நிறை வயிறு, நிக்க முடியல. வீட்டுக்கு வந்துட்டாங்க. இப்ப நான் கூப்பிட்டாலும், ‘மறுபடியும் என்னை எழுப்பறதுக்கா?’ன்னு கேக்கறாங்க.”

பெர்ரான் தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கேடயத்தைக் குனிந்து எடுத்தாள். ஸெய்தின்கயாவின் பெயர், அந்த ஆளுநரின் பெயர், ‘நன்றியுடன்’. தலைவலி வந்த ஒரு பெண்ணுக்காக, அவள் உட்காரவே உட்காராத ஒரு நாற்காலிக்காக, நாற்பது வருஷம்! அக்காவைத் திட்டித் திட்டி வாசித்த ஒவ்வொரு கச்சேரியும் வரிசை கட்டி வந்து நின்றது. கேடயத்தைப் படியிறங்கிப் போய்த் தெருக் குப்பைத்தொட்டியில் போட்டாள். அடித்த சத்தத்தில் பூனைகள் ஓடின. அந்தச் சமையலறைக் கதவு அன்றிலிருந்து அடித்துக்கொண்டேதான் இருக்கிறது.

பிறகு திஜெனைத் திரும்பக் கூப்பிட்டாள். “உங்கம்மாகிட்ட சொல்லு. வலது காது மேடைப் பக்கம் இருக்கணும்னா இடது ஓரத்துலதான் உட்காரணும். அதே நாற்காலி. இந்தத் தடவை எவன் எழுப்பறான்னு நான் பாக்கறேன்.”

திறப்பு விழா அன்று மத்தியானமே பெர்ரான் அரங்கத்துக்குப் போய்விட்டாள். போனதும் ரத்தம் கொதித்தது. புது பியானோவின் மேல் பின்னல் துணி, துணியின் மேல் மூன்று பூந்தொட்டி. அது போதாதென்று, பியானோவின் நீண்ட பின்புறத்தைப் பார்வையாளர்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள்.

விழாப் பொறுப்பாளர் ருக்னெத்தின் ஓடி வந்தார். முப்பது வயது, இறுக்கமான கோட்டு, காதில் ஒரு ஒயர். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை, குனிந்தே நின்றார்.

“இதை யாரு இப்படித் திருப்பினது?”

“நான்தான் ஹானும். நீங்க பக்கவாட்டுல உட்கார்ந்தா ஆளுநர் ஐயாவுக்கு உங்க முகம் தெரியாது. அவருக்கு நேரா முகத்தைக் காட்டாம உட்கார்றது மரியாதையா இருக்காதுன்னு...”

“அவர் என்ன என்னைப் பொண்ணு பாக்கவா வர்றார்?”

ருக்னெத்தினுக்கு முகம் சிவந்தது. பெர்ரான் பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையில் கொடுத்தாள். மூன்றாவதை வாங்க அவருக்குக் கையில்லை, மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு அவள் தோளைக் கொடுத்துப் பியானோவைத் தள்ள ஆரம்பித்தாள். “ஐயோ, உங்க கை!” என்று மேடைத் தொழிலாளிகள் ஓடி வந்து திருப்பி வைத்தார்கள். அவள் கீழே இறங்கி, முதல் வரிசை இடது ஓர நாற்காலியில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துச் சுருட்டினாள். தன் சால்வையை அதன் மேல் விரித்தாள்.

“இது என் அக்காவோட நாற்காலி. புரிஞ்சுதா?”

“தாராளமா ஹானும். உங்க உத்தரவு என் தலை மேல,” என்றார் ருக்னெத்தின், தொட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்து.

மாலையில் அரங்கம் நிறைந்தது. பெர்ரான் திரைக்குப் பின்னால் நின்று இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புப் பட்டு உடை, காலில் வீட்டுச் செருப்பு. கால் வீங்குகிற வயது, மேடைச் செருப்பைக் கடைசி நிமிஷத்தில்தான் மாட்டுவாள். முவல்லா வந்தாள். கைத்தடி, தலையில் பூப்போட்ட துணி, திஜெனின் தோளில் ஒரு கை. இடது ஓரத்துக்கு வந்து, சால்வையைப் பார்த்து நின்றாள். எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திஜெனுக்கு எங்கேயோ பின்வரிசையில் இடம்.

ஆளுநர் வரவில்லை. வருகிறார், வந்துகொண்டே இருக்கிறார் என்றார்கள். முக்கால் மணி நேரம் போனது. ஜனம் நிகழ்ச்சி நிரலை விசிறிக்கொண்டிருந்தது. அப்போது ருக்னெத்தின் காது ஒயரை அழுத்திக்கொண்டு பதறி, முதல் வரிசையை விரலால் எண்ணினார். ஆளுநர் தலைநகர் விருந்தாளி ஒருத்தியைக் கூடவே அழைத்து வருகிறார் போலிருக்கிறது. ஒரு நாற்காலி குறைந்தது. மனுஷன் எங்கே போவான்? நேராக இடது ஓரத்துக்குப் போனார்.

“பெரியம்மா,” என்று அவர் குனிந்தார். முவல்லாவுக்குக் காதில் விழவில்லை, அது கேட்காத இடது காது. தோளைத் தொட்டார். “பெரியம்மா, உங்களுக்கு மேல பால்கனியில அருமையான இடம் வச்சிருக்கேன். கொஞ்சம் எழுந்திருக்கிறீங்களா?”

முவல்லா அவரைப் பார்த்தாள். ஆச்சரியப்படவே இல்லை. எதிர்பார்த்துக்கொண்டிருந்தவள் போலக் கைப்பையை எடுத்தாள், தடியை ஊன்றினாள். இன்னும் ஆலிவ் தட்டுகிற கை, தடியின் மேல் கறுப்பாகத் தெரிந்தது.

பெர்ரான் திரையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கச்சேரி ஆரம்பித்துவிட்டது என்று ஜனம் கைதட்டியது. அவள் வணங்கவில்லை. மேடை விளிம்புக்கு வந்து, களத்தில் ஆள் கூப்பிடுகிற குரலில் கத்தினாள்.

“முவல்லா அக்கா! உட்காரு!”

கைதட்டல் அறுந்து நின்றது. முவல்லா பாதி எழுந்தபடி மேலே பார்த்தாள். நாற்பது வருஷத்தில் தங்கை அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

“நாற்காலி குறையுதுன்னா நீங்க நில்லுங்க, ருக்னெத்தின் ஐயா. இல்ல, என் மேல ஏறி உட்காருங்க. அவ எழுந்தா நான் வாசிக்கமாட்டேன். எந்த நாற்காலியில யாரு உட்காரணும்னு இந்த ஊர்ல ஒரு தடவை முடிவு பண்ணி எங்க ரெண்டு பேர் ஆயுசையும் தின்னாச்சு. போதும்!”

“ஹானும், ஆளுநர் ஐயா வாசலுக்கு வந்துட்டார். அஞ்சே நிமிஷம்...”

“வரட்டும். கதவு திறந்துதானே இருக்கு.”

முவல்லா உட்கார்ந்தாள். பெர்ரானும் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் காலில் வீட்டுச் செருப்பு இருப்பது தெரிந்தது. பெடலை அதோடேயே மிதித்து, பல பகுதிகள் கொண்ட ஷூபெர்ட்டின் ஒரு சொனாட்டாவைத் தொடங்கினாள்.

மெதுவான பகுதிக்கு வந்தபோது இடது பக்கக் கதவு திறந்தது. ஆளுநர் வந்தார், பின்னால் விருந்தாளி அம்மாள், பின்னால் பரிவாரம். ஆளுநர் நுழைந்தால் அரங்கம் எழுந்து நிற்க வேண்டும், யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முதல் வரிசை எழுந்தது, இரண்டாவது எழுந்தது, அப்படியே பால்கனி வரைக்கும் நாற்காலி மெத்தைகள் படபடவென்று மடங்கின. பெர்ரான் நிறுத்தவில்லை.

ஆளுநர் கெட்ட மனிதர் இல்லை. பெண் நிற்கும்போது தான் உட்கார மாட்டார். விருந்தாளியை உட்காரச் சொல்லி நடுவில் இருந்த தன் இடத்தைக் கை காட்டினார். அந்த அம்மாள் ஆளுநர் நிற்க நான் உட்காருவதா என்று மார்பில் கை வைத்துத் தலையை ஆட்டினாள். நகராட்சித் தலைவர் தன் இடத்தைக் காட்டினார். இருவருமே மார்பில் கை வைத்து மறுத்தார்கள். நீங்க முதல்ல, இல்லை நீங்க முதல்ல. எல்லாம் ஊமை ஜாடையில், பக்கவழியில் நின்றபடி. ருக்னெத்தின் எங்கிருந்தோ ஒரு இரும்பு நாற்காலியைத் தூக்கி வந்தார். தரையில் வைத்தால் கிறீச்சிடும். பெர்ரான் வாசித்துக்கொண்டே தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தாள். நாற்காலி அந்தரத்திலேயே நின்றது.

ஆளுநர் உட்காராமல் மற்றவர்கள் உட்கார முடியுமா? முடியாது. ஊர் முழுக்க நின்றது. டாக்டர், வக்கீல், எண்ணெய் ஆலை முதலாளிகள், அவர்கள் மனைவிமார், எல்லாரும் கால் மாற்றி மாற்றி நின்றார்கள். உட்கார்ந்திருந்தவள் ஒருத்திதான். கதவு அவளுடைய கேட்காத காதுப் பக்கம். அங்கே என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. கழுத்தை முன்னால் நீட்டி, இருக்கிற காதைத் திருப்பி, தங்கையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு கையும் மடியில் இருந்த சால்வையின் விளிம்பை அழுத்திப் பிடித்திருந்தன, விட்டால் எதுவோ விழுந்துவிடும் என்பது போல.

பெர்ரான் ஒரு சுரத்தையும் அவசரப்படுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் நில்லுங்கடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே, திரும்ப வாசிக்க வேண்டிய இடத்தையெல்லாம் திரும்ப வாசித்தாள். கடைசிச் சுரம் அடங்கும் வரை கையை எடுக்கவில்லை.

அரங்கம் கைதட்டியது. ருக்னெத்தின் கேடயத்தை ஆளுநர் கையில் கொடுத்தார். ஆளுநர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேடைப் படியில் ஒரு கால் வைத்தார். பெர்ரான் அவரைக் கடந்து இறங்கி, செருப்பு சரசரக்க இடது ஓரத்துக்குப் போனாள்.

முவல்லா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். வரிசை வரிசையாக ஊர் நின்றுகொண்டிருந்தது. காது கேளாதவர்கள் பேசுகிற உரத்த குரலில், ஆளுநர் வாயைத் திறந்த அதே நேரத்தில், அவள் கேட்டாள்.

“ஏண்டி, எல்லாரும் எதுக்கு நிக்கறாங்க?”

பெர்ரான் குனிந்து அவளுடைய நல்ல காதில் சொன்னாள்.

“உனக்காகத்தான் அக்கா.”

முவல்லாவின் முகம் கோணியது. தங்கையின் மணிக்கட்டைப் பற்றினாள், அந்தப் பழைய பலகையைப் பிடித்த பிடி.

“அப்ப அன்னிக்கே நிக்க வச்சிருக்கலாம் இல்லடி!” என்று அரங்கம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். கத்திவிட்டு அழுதாள், கையை மட்டும் விடவில்லை.

ஆளுநர் கேடயத்தோடு படியிலேயே நின்றார். அதை வாங்க அன்று யாரும் வரவில்லை.